மாஸ்டர் பதில்கள்: காலனிகள் பாரமாகத் தெரிந்த காலம்

கனடா தினம் நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளின் போக்கே மாறிவிடும். இந்த மாதம் வந்தவற்றில் பெரும்பாலானவை, பிரித்தானியக் காலனிகள் சேர்ந்து கனடா ஆன 1867-ஐச் சுற்றியே இருக்கின்றன. ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே. மற்றக் கேள்விகளுக்கு அடுத்த மாதம் பதில் எழுதுகிறேன்.

மகளின் எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில், காலனிகள் சேர்ந்து கனடா ஆனதற்கான காரணங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ரயில் பாதை, அமெரிக்கப் பயம், அரசியல் இழுபறி எல்லாம் விளங்குகிறது. 'காலனிகள் பற்றிய பிரித்தானியரின் மனமாற்றம்' என்று ஒரு வரியும் இருக்கிறது. அதற்கு மேல் விளக்கம் இல்லை. பிரித்து ஆண்டே பழகியவர்கள் ஏன் சேர்ந்திருங்கள் என்று சொல்லப்போகிறார்கள், மாஸ்டர்?
– ஒரு தாய், மார்க்கம்

நல்ல கேள்வி, தங்கச்சி. அந்த ஒரு வரிக்குள் இருபது வருடக் கதை இருக்கிறது.

காலனி எதற்கு? பழைய கணக்கு லேசானது. காலனி மரமும் கோதுமையும் அனுப்பும்; இங்கிலாந்து துணியும் இரும்புச் சாமானும் அனுப்பும். காலனிப் பொருளுக்கு லண்டன் சந்தையில் சலுகை வரி. சரக்கு ஏற்றுவது பிரித்தானியப் பேரரசின் கப்பல்களில் மட்டும். இந்த ஏற்பாட்டில் இரண்டு பக்கத்துக்கும் ஏதோ கிடைத்தது. 1843-இல் கனடாக் காலனியின் (அப்போது கனடா என்றால் இன்றைய ஒன்ராறியோ, கியூபெக் மாகாணங்களின் தென்பகுதி மட்டும்) கோதுமை மாவுக்குப் புதிய சலுகை கொடுத்தார்கள். அதை நம்பி இங்கே கடன் வாங்கி மாவு ஆலைகள் கட்டினார்கள். மூன்றே வருடம். 1846-இல் பிரதமர் ராபர்ட் பீல் தானிய வரிச் சட்டங்களையே தூக்கினார். உலகத்தில் எங்கே மலிவோ அங்கே வாங்கலாம் என்றாகிவிட்டது. 1849-இல் கப்பல் சட்டங்களும் போயின.

இனி அந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். யாரோடும் தடையில்லாமல் வியாபாரம் செய்யலாம் என்றால், காலனி என்று ஒன்றைக் கட்டி மேய்ப்பதில் என்ன லாபம்? அமெரிக்கா பிரிந்து போனபிறகு அதனோடு நடந்த வியாபாரம் கூடித்தானே இருக்கிறது? ரிச்சர்ட் கொப்டன், ஜோன் பிரைட் போன்ற தடையற்ற வணிகக்காரர்கள் கேட்டது இதைத்தான். ஒக்ஸ்ஃபோர்டில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த கோல்ட்வின் ஸ்மித், காலனிகளை விடுவித்துவிடுங்கள் என்று பத்திரிகையில் தொடர் கடிதங்களே எழுதினார். (அதே மனிதர் பிற்காலத்தில் ரொறன்ரோவுக்கே வந்து குடியேறி, இங்கேயே இறந்தார்.)

எல்லோரும் இவ்வளவு தூரம் போகவில்லை. ஆட்சியில் இருந்தவர்களில் பலருக்குக் காலனிகளைக் கைகழுவும் எண்ணம் கிடையாது. ஆனால் செலவு செய்யும் எண்ணமும் கிடையாது. கனடாவின் பிறப்பை விளங்கிக்கொள்ள இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். வளர்ந்த பிள்ளைகளை வீட்டை விட்டு அனுப்பவும் வேண்டும், ஊர் ஒன்றும் சொல்லக் கூடாது என்று நினைக்கும் பெற்றோரின் நிலை அவர்களுடையது. சின்னச் சின்னக் காலனிகளாக இருந்தால் தனியே விட முடியாது, அமெரிக்கா விழுங்கிவிடும். ஒன்றாக்கிவிட்டால் தங்கள் காவலைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். மானமும் போகாது, காசும் மிஞ்சும்.

பிரித்து ஆள்வது, ஆள வேண்டும் என்று நினைக்கிற இடத்தில்தான், தங்கச்சி. இங்கே அவர்கள் ஆளும் வேலையையே குறைக்கப் பார்த்தார்கள்.

காலனிகள் 'கழுத்தில் தொங்கும் திரிகைக் கல்' என்று டிஸ்ரேலி சொன்னது உண்மையா?
– ஒரு வாசகர், பிராம்டன்

உண்மை. 1852-இல், நிதியமைச்சராக இருக்கும்போது, வெளியுறவு அமைச்சர் மாம்ஸ்பரிக்கு எழுதிய கடிதத்தில். இன்னும் சில வருடத்தில் இந்தக் காலனிகள் எல்லாம் சுதந்திரமாகிவிடும் என்றும் அதில் எழுதியிருக்கிறார். அமெரிக்காவோடு வட அத்லாந்திக் மீன்பிடித் தகராறு நடந்துகொண்டிருந்த நேரம் அது. எரிச்சலில் வந்த வார்த்தை. இருபது வருடம் கழித்து, 1872-இல் கிரிஸ்டல் பலஸில் பேரரசின் பெருமையைப் பேசி கைதட்டு வாங்கியவரும் அதே டிஸ்ரேலிதான். அரசியல்வாதியின் ஒரு கடிதத்தை வைத்து அவர் கொள்கை இதுதான் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் நிதியமைச்சர் ஒருவர் அப்படி எழுதக்கூடிய காலமாக அது இருந்தது என்பது உண்மை.

கேம்பிரிட்ஜ் நகரில் 'கால்ட்' என்ற பகுதியில் வசிக்கிறேன். கனடாவை உருவாக்கிய கூட்டாட்சித் தந்தையர் பட்டியலிலும் ஒரு கால்ட் இருக்கிறார். இருவரும் ஒருவரா?
– ஒரு வாசகர், கேம்பிரிட்ஜ், ஒன்ராறியோ

உங்கள் ஊருக்குப் பெயர் தந்தவர் அப்பா, ஜோன் கால்ட். ஸ்கொட்லாந்து நாவலாசிரியர், குவெல்ஃப் நகரைத் தொடக்கிவைத்தவரும் அவரே. பட்டியலில் இருப்பவர் மகன், அலெக்சாண்டர் கால்ட். கனடாவின் முதல் பிரதமர் மக்டொனால்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது இந்த மகன் கால்ட்தான். லண்டனின் மனம் மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் இவர் ஏதோ ஒரு வாசலில் நிற்கிறார்.

1849-இல் மொன்றியல் எப்படி இருந்தது என்று பாருங்கள். சலுகை வரி போய் வியாபாரம் படுத்துவிட்டது. ஏப்ரல் 25-ஆம் தேதி இரவு ஒரு கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்தையே கொளுத்திவிட்டது. 1837–38 கிளர்ச்சியில் சொத்து இழந்தவர்களுக்கு நட்டஈடு கொடுக்கும் சட்டத்துக்கு ஆளுநர் எல்ஜின் பிரபு கையெழுத்திட்டதுதான் உடனடிக் காரணம். முட்டையும் கல்லும் அவர் வண்டி மீது பறந்தன. அவர் கையெழுத்திட்டது ஏன்? உள்ளூர் மந்திரிசபை சொன்னால் ஆளுநர் கேட்க வேண்டும் என்ற பொறுப்பாட்சி முறையை அதற்கு முந்தைய வருடம்தான் லண்டன் ஏற்றுக்கொண்டிருந்தது. கல்லெறிந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களோ புரட்சிக்காரர்களோ அல்ல. அரசிக்கு விசுவாசமான ஆங்கிலேயர்கள். தாய்நாடு கைவிட்டுவிட்டது என்ற ஆத்திரம் அவர்களுக்கு. பழைய மொன்றியலில் பிளாஸ் டூவில் என்ற திடலில் அந்தக் கட்டடத்தின் அத்திவாரத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். மொன்றியல் போனால் பாருங்கள்.

அதே வருடம் ஒக்டோபரில் மொன்றியல் வியாபாரிகள் ஓர் அறிக்கை விட்டார்கள்: பேசாமல் அமெரிக்காவோடு சேர்ந்துவிடுவோம். கையெழுத்திட்டவர்களில் ஒருவர் ஜோன் அபட். பின்னாளில் கனடாவின் பிரதமர். இன்னொருவர் நம் அலெக்சாண்டர் கால்ட்.

அடுத்தது 1858. இப்போது அவர் மந்திரி. காலனிகளை ஒரு கூட்டாட்சியாக இணைக்கலாம் என்ற யோசனையோடு சக மந்திரிகளான கார்ட்டியேயையும் ஜோன் ரோஸையும் கூட்டிக்கொண்டு லண்டன் போகிறார். காலனி அமைச்சர் புல்வர் லிட்டன் முகம் கொடுக்கவில்லை. மற்றக் காலனிகளும் கேட்கட்டும், பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

1859. நிதி மந்திரி கால்ட், பிரித்தானியப் பொருட்களுக்கும் சேர்த்து இறக்குமதி வரியைக் கூட்டுகிறார். ஷெஃபீல்ட் உற்பத்தியாளர்கள் கொதித்துப்போய் லண்டனுக்கு மனுப் போட்டார்கள். எங்கள் காசில் பாதுகாப்பு, எங்கள் பொருளுக்கு வரியா என்று. கால்ட் எழுதிய பதில் இன்றைக்கும் படிக்கத் தக்கது. தங்களுக்குச் சரியென்று படும் வரியை விதிப்பது கனடா மக்களின் உரிமை. அதை லண்டன் தடுப்பதாக இருந்தால், இந்த நாட்டின் நிர்வாகத்தையும் லண்டனே நடத்தத் தயாராக இருக்க வேண்டும் என்ற தோரணையில் எழுதினார். லண்டன் வாயை மூடிக்கொண்டது. நிர்வாகத்தை எடுத்து நடத்துவதா? அது அவர்கள் கனவிலும் விரும்பாத வேலை.

1858-இல் வாசலோடு அனுப்பப்பட்ட அதே யோசனைக்கு 1864-இல் லண்டன் கம்பளம் விரித்தது. இடையில் நடந்ததுதான் அடுத்த கேள்வி.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்கும் கனடா இணைந்ததற்கும் என்ன சம்பந்தம்? போர் அவர்களுக்குள்ளேதானே?
– ஒரு பல்கலைக்கழக மாணவர், வாட்டர்லூ

தம்பி, 1861 நவம்பரில் 'டிரென்ட்' என்ற பிரித்தானியத் தபால் கப்பலை அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று நடுக்கடலில் மறித்து, அதில் போய்க்கொண்டிருந்த தென்மாநிலத் தூதர்கள் இருவரை இறக்கிக்கொண்டு போனது. போர் வந்துவிடும் என்ற நிலை. லண்டன் அவசரம் அவசரமாகப் பதினோராயிரம் பேரளவில் படையை இங்கே அனுப்பியது.

அனுப்பிய மாதம் டிசம்பர். சென்ட் லோரன்ஸ் ஆறு உறைந்துவிட்டது. கப்பல் கியூபெக்குக்குப் போகாது. ஹலிஃபாக்ஸிலிருந்து கியூபெக்குக்கு ரயில் பாதை கிடையாது. ஆகவே பெரும்பாலானோரை சென்ட் ஜோனில் இறக்கி, நியூ பிரன்ஸ்விக் காட்டுக்குள்ளால், பனிச்சறுக்கு வண்டிகளில், ரயில் தொடங்கும் ரிவியேர்-து-லூ வரை ஏற்றி அனுப்பினார்கள். நாள் முழுக்க வண்டியில் விறைத்து, இரவில் வழித்தங்கலில் படுத்து, மறுபடி காலையில் வண்டி. பாதை அமெரிக்க எல்லையை ஒட்டியே போனது. எதிரி என்று எண்ணிப் போகும் நாட்டின் வேலியோரமாக, ஒரு வல்லரசின் இராணுவம் குதிரை வண்டியில் வரிசையாகப் போகிறது. இதைவிடக் கேலி, தலைமையக அதிகாரிகள் சிலர் ஹலிஃபாக்ஸிலிருந்து கப்பலில் பொஸ்டனுக்குப் போய், அமெரிக்க ரயிலிலேயே மொன்றியல் வந்து சேர்ந்தது. அதற்குள் வாஷிங்டன் தூதர்களை விட்டுவிட்டது, சண்டை வரவில்லை.

ஆனால் லண்டனில் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று, இந்த நீண்ட எல்லையைத் தங்களால் காக்க முடியாது. இரண்டு, முயன்றால் கஜானா காலி. நிதியமைச்சர் கிளாட்ஸ்டன், ஒரு பென்ஸ் செலவுக்கும் நூறு கேள்வி கேட்கிற மனிதர். சுயாட்சி உள்ள காலனிகள் தங்கள் உள்நாட்டுப் பாதுகாப்பைத் தாங்களே முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்று 1862-இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் பொதுச்சபை தீர்மானமே போட்டது.

அதே 1862 மே மாதம் இங்கே என்ன நடந்தது தெரியுமா? உள்ளூர்ப் படையைப் பெருக்கும் மசோதாவைக் கனடாச் சட்டசபை தோற்கடித்தது. கார்ட்டியே–மக்டொனால்ட் அரசாங்கமே கவிழ்ந்தது. லண்டன் பத்திரிகைகள் பொரிந்து தள்ளின: தங்களைக் காக்கத் தாங்களே காசு போடமாட்டார்களாம், நாங்கள் போடவேண்டுமாம்! கனடாக்காரர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அமெரிக்காவோடு சண்டை மூட்டியது லண்டன். அடி விழுவது எங்கள் முதுகிலா? இரண்டும் சரியான வாதம்தான். இரண்டு பக்கமும் சரியாக இருக்கும் சண்டை லேசில் தீராது.

பிறகு 1864 ஒக்டோபர். தென்மாநிலக்காரர் சிலர் கனடாவுக்குள்ளிருந்து போய் வெர்மொன்டில் சென்ட் ஓல்பன்ஸ் ஊரின் வங்கிகளைக் கொள்ளையடித்துவிட்டுத் திரும்பி ஓடிவந்தார்கள். பிடிபட்டவர்களை மொன்றியல் நீதவான் ஒருவர் விடுவித்தார். வாஷிங்டன் கொதித்தது. காலனிகளோடான வியாபாரத்துக்கு 1854-இல் செய்த வரிச்சலுகை ஒப்பந்தத்தை 1866-இல் முடித்துக்கொண்டது. லண்டன் சந்தையின் சலுகை போனபோது கைகொடுத்தது அந்த ஒப்பந்தம்தான். அதுவும் போனால்? காலனிகள் தங்களுக்குள்ளே விற்று வாங்க வேண்டியதுதான்.

கொள்ளை நடந்த அந்தச் சமயம், காலனிகளை இணைப்பது பற்றிக் கியூபெக் நகரில் மாநாடு நடந்துகொண்டிருந்தது. 72 தீர்மானங்கள். டிசம்பரிலேயே காலனி அமைச்சர் எட்வேர்ட் கார்ட்வெல் சம்மதக் கடிதம் அனுப்பிவிட்டார். லிட்டனின் அலுவலகத்திலிருந்துதான் இதுவும் வருகிறது. ஆறே வருட இடைவெளி.

நோவா ஸ்கோஷாவில் வேலை பார்க்கிறேன். இங்குள்ள பழையவர்கள் சிலர், 'எங்களைக் கேட்காமல் சேர்த்துவிட்டார்கள்' என்று இன்றும் சொல்கிறார்கள். அப்படியா?
– ஒரு வாசகி, ஹலிஃபாக்ஸ்

அப்படித்தான், பிள்ளை. பிரித்தானியா பெருந்தன்மையாக ஆசீர்வதித்தது என்று எழுதுகிறவர்களோடு நான் ஒத்துப்போகாத இடம் இது. ஆசீர்வாதத்தோடு நிற்கவில்லை, பிடித்துத் தள்ளினார்கள்.

நியூ பிரன்ஸ்விக்கில் 1865 தேர்தலில் இணைப்பை ஆதரித்த முதல்வர் லெனர்ட் டில்லி தோற்றார். எதிர்த்த ஆல்பர்ட் ஸ்மித் ஆட்சிக்கு வந்தார். மக்கள் தீர்ப்பு என்று விட்டிருக்கலாம். கார்ட்வெல் விடவில்லை. இணைவதே மாட்சிமை தங்கிய அரசின் உறுதியான கருத்து என்று ஜூன் மாதம் கடிதம் எழுதினார். பாதுகாப்புச் செலவைத் தாங்குகிறவர்கள் நாங்கள், எங்கள் சொல்லுக்கு மதிப்பு வேண்டும் என்பது அதன் சாரம். அங்கிருந்த துணை ஆளுநர் ஆர்தர் கோர்டனுக்கே இந்த இணைப்பு பிடிக்காது. முன்னாள் பிரதமர் அபர்டீன் பிரபுவின் மகன், கொஞ்சம் தலைக்கனம். கல்யாணத்துக்காக இங்கிலாந்து போனவரை அங்கே மேலதிகாரிகள் சொல்லிச் சரிக்கட்டி அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் 1866 ஏப்ரலில் ஸ்மித் மந்திரிசபையைக் கேட்காமலே இணைப்புக்கு ஆதரவாகப் பேச, மந்திரிசபை ராஜினாமா. அதே மாதம், அயர்லாந்தின் விடுதலைக்காகப் பிரித்தானியாவை எதிர்த்த ஐரிஷ் ஃபீனியன் படையினர் கம்போபெல்லோ தீவுப் பக்கம் வந்து மிரட்ட, பயந்த மக்கள் அடுத்த தேர்தலில் டில்லியை ஜெயிக்கவைத்தார்கள். கனடாவிலிருந்து தேர்தல் காசும் போனது.

உங்கள் நோவா ஸ்கோஷாவில் இன்னும் சுருக்கு வழி. மனமில்லாத துணை ஆளுநர் மக்டொனலை ஹொங்கொங்குக்கு மாற்றிவிட்டு, அந்த மண்ணிலேயே பிறந்த போர்வீரர் ஃபென்விக் வில்லியம்ஸை அனுப்பினார்கள். முதல்வர் சார்ல்ஸ் டப்பர் தேர்தல் வைக்காமலே சட்டசபையில் தீர்மானத்தை நிறைவேற்றினார். மக்களுக்குத் தேர்தல் கிடைத்தது 1867 செப்டம்பரில், எல்லாம் முடிந்த பிறகு. ஒட்டாவாவுக்கான 19 ஆசனங்களில் 18-ஐ எதிர்ப்பாளர்கள் அள்ளினார்கள். தலைவர் ஜோசஃப் ஹோ அடுத்த வருடம் லண்டனுக்கே போய், எங்களைக் கழற்றிவிடுங்கள் என்று கேட்டார். கதவு திறக்கவில்லை. பொறுப்பாட்சிக்காக வாழ்நாளெல்லாம் போராடி, தாய்நாட்டை நெஞ்சார நம்பிய மனிதர் அவர். 1869-இல் கூடுதல் மானியத்துக்கு இணங்கி மக்டொனால்டின் மந்திரிசபையில் சேர்ந்தார். அவரை நான் குறைசொல்லமாட்டேன். வேறு வழி எங்கே இருந்தது?

கனடாச் சட்டத்தைவிட நாய் வரிக்குத்தான் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் கூட்டம் இருந்ததாமே?
– ஒரு வாசகர், ஏஜக்ஸ்

அப்படித்தான் பலரும் எழுதியிருக்கிறார்கள். காலியாகக் கிடந்த பொதுச்சபை, கனடா மசோதா முடிந்து நாய் வரி வந்ததும் நிரம்பியது என்று. மக்டொனால்டே பிற்காலத்தில், இரண்டு மூன்று ஆங்கிலக் கிராமங்களை இணைக்கும் மசோதாவைப் போல நடத்தினார்கள் என்று மனத்தாங்கலோடு எழுதினார். 1867 மார்ச் 29-இல் அரசி கையெழுத்திட்டார். மறுநாளே அமெரிக்கா ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை வாங்கக் கையெழுத்திட்டது. லண்டனில் அப்போது பெரிய விவாதம் உள்நாட்டு வாக்குரிமைச் சீர்திருத்தம் பற்றியது. இரண்டு பெரிய கட்சிகளுக்கும் கனடா விஷயத்தில் சண்டை இல்லை என்பதும் ஒரு காரணம். முணுமுணுப்பு எழுந்தது ஹலிஃபாக்ஸ் ரயில் பாதைக்கான 30 லட்சம் பவுண் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கும்போதுதான்!

நம் கால்ட் அப்போது லண்டனில்தான் இருந்தார். ஜனவரியில் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், காலனிகள் பற்றி இங்குள்ளவர்களின் மனநிலை முன்னெப்போதையும்விட ஏமாற்றம் தருகிறது, நம்மைத் தொலைத்துவிடத்தான் பார்க்கிறார்கள் என்று புலம்பியிருக்கிறார். ஒருகாலத்தில் தானே பிரிந்துபோகக் கையெழுத்திட்டவர்!

இந்த மனமாற்றம் பூர்வகுடி மக்களை எப்படிப் பாதித்தது? பாடப் புத்தகத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.
– பதினோராம் வகுப்பு மாணவி, ஸ்காபரோ

மகள், கேட்க வேண்டிய கேள்வி. பூர்வகுடிகள் ஒப்பந்தம் செய்தது பிரித்தானிய முடியோடு, அதாவது அரச பீடத்தோடு. 1763-ஆம் ஆண்டு அரச பிரகடனம், அவர்கள் நிலத்தை முடியைத் தவிர வேறு யாரும் வாங்க முடியாது என்றது. அமெரிக்காவோடு போர் நடந்த 1812 காலத்தில் அவர்கள் லண்டனுக்கு மதிப்புள்ள கூட்டாளிகள். போர்ப் பயம் தணிந்தபிறகு அவர்களும் செலவுக் கணக்கில் ஒரு வரியாகிவிட்டார்கள். 1860-இல், அதாவது ஒன்றியத்துக்கு முன்னரே, அவர்கள் விவகாரத்தை லண்டன் கனடா மாகாணத்தின் தலையில் கட்டியது. 1867 சட்டத்தின் 91-ஆம் பிரிவில், மத்திய அரசின் அதிகாரப் பட்டியலில் 24-ஆவது விடயமாக 'இந்தியர்களும் அவர்களுக்கென ஒதுக்கிய நிலங்களும்' என்று ஓர் அரை வரி. சார்லட்டவுன், கியூபெக், லண்டன் மாநாடுகள் எதற்கும் அவர்களை அழைக்கவில்லை. கூட்டாளியை அவருடைய நிலத்தில் கண் வைத்திருப்பவனிடமே ஒப்படைத்துவிட்டுப் போனது போலத்தான் முடிந்தது. லண்டனின் சிக்கனத்துக்கு மிகப் பெரிய விலை கொடுத்தவர்கள் இவர்கள் என்பது என் முடிவு.

1867-க்குப் பிறகு பிரித்தானியா உண்மையில் கைவிட்டதா? அதன் படை எப்போது போனது?
– ஒரு வாசகர், ஒட்டாவா

1871 நவம்பரில் கியூபெக் கோட்டையிலிருந்து கடைசிப் படைப்பிரிவு கப்பல் ஏறியது. கடற்படைக்கு வேண்டிய ஹலிஃபாக்ஸில் மட்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வைத்திருந்தார்கள். படையைத் திருப்பி அழைத்தபோது போர் அமைச்சர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே கார்ட்வெல். வெளியுறவு லண்டன் கையிலேயே நின்றது; அது 1931 வரை இழுத்தது.

நியூஃபவுண்ட்லாந்து தனிக் கதை. 1869 தேர்தலில் அது கனடாவோடு சேர மறுத்தது. 1934-இல் கடனில் மூழ்கிச் சுயாட்சியை இழந்து, லண்டன் நியமித்த ஆணைக்குழுவின் கீழ் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது லண்டனே கடனாளி. யாராவது இந்தத் தீவை ஏற்றுக்கொண்டால் போதும் என்ற நிலை. கனடாவோடு இணைவதை வாக்குச்சீட்டில் சேர்க்க வேண்டாம் என்று அங்கே தெரிவுசெய்யப்பட்ட தேசிய பேரவை 29-க்கு 16 என்று வாக்களித்தது. லண்டன் அதையும் மீறிச் சேர்த்தது. 1948 ஜூன் வாக்கெடுப்பில் எதற்கும் பெரும்பான்மை இல்லை. ஜூலையில் இரண்டாவது வாக்கெடுப்பு. இணைப்புக்கு 52 சதவீதம் சொச்சம். 1949 மார்ச் 31 நள்ளிரவுக்குச் சற்று முன்னர் அது பத்தாவது மாகாணமானது. ஏப்ரல் முதலாம் தேதியில் நாடு சேர்ந்தால் ஊர் சிரிக்கும் என்றுதான் அந்த அவசரம் என்பார்கள்.